வட்டைப் பூட்டும் முன்: லினக்ஸ் கெர்னல் எந்த ஏஇஎஸ்ஸை ஓட்டுகிறது?

ஏஇஎஸ் போன்ற ஒரே சைஃபருக்கு (மறையாக்க முறைக்கு) லினக்ஸ் கெர்னலில் பல டிரைவர்கள் இருக்கும். வெறும் சி மொழியில் எழுதியது ஒன்று, ப்ராசஸரின் ஏஇஎஸ் கட்டளைகளை நேரடியாக அழைப்பது இன்னொன்று. முன்னுரிமை எண் எதற்கு அதிகமோ, வட்டை மறையாக்கும் கெர்னல் பகுதியான டிஎம்-கிரிப்ட்டுக்கு அதுதான் கிடைக்கும். வேகம் பல மடங்கு மாறுவது இங்கேதான்.

முதலில் 'கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க்' ஓட்டுங்கள். இது வட்டைத் தொடாமல் நினைவகத்திலேயே அளக்கும். நிஜ வட்டு வேகத்தை இதை வைத்து நேரடியாகக் கணிக்க முடியாது. 'ஆல்ஜிஇஃப்_எஸ்கேசைஃபர்' மாட்யூல் இல்லை என்று பிழை வந்தால் மோட்ப்ரோப் கட்டளை கொண்டு ஏற்றுங்கள்.

அடுத்து, ப்ராக் அடைவிலுள்ள 'கிரிப்டோ' கோப்பில் எக்ஸ்டிஎஸ்(ஏஇஎஸ்) என்ற பெயரைத் தேடுங்கள். எக்ஸ்டிஎஸ் என்பது வட்டு மறையாக்கத்தில் ஏஇஎஸ்ஸைப் பயன்படுத்தும் விதம். (எக்ஸ்டிஎஸ்ஸின் பொது வடிவம் யாராவது கேட்ட பிறகே இந்தப் பட்டியலில் ஏறும். பெஞ்ச்மார்க்கை முதலில் ஓட்டுவது அதற்காகவும்தான்.) டிரைவர் வரியில் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் 'ஏஇஎஸ்என்ஐ' அல்லது 'விஏஇஎஸ்', 64 பிட் ஆர்மில் 'சிஇ' என்று இருந்தால் கவலையில்லை. 'ஜெனரிக்' மட்டுமே இருந்தால் சிபியுஇன்ஃபோ கோப்பில் 'ஏஇஎஸ்' கொடி உள்ளதா என்று பாருங்கள். மெய்நிகர் கணினியில் அது காணாமல் போவது வழக்கம். சிபியு மாடலை 'ஹோஸ்ட்' என்று மாற்றினால் வந்துவிடும்.

கொடி இருந்தால் 'ஏஇஎஸ்-எக்ஸ்டிஎஸ்-ப்ளெய்ன்64' போதும், வேறு யோசிக்க வேண்டாம். சாவி நீளம் 512 பிட் கொடுங்கள். எக்ஸ்டிஎஸ் சாவியை இரண்டாகப் பிரிப்பதால், 256 கொடுத்தால் ஓடுவது ஏஇஎஸ்-128. பழைய 'ப்ளெய்ன்' வேண்டவே வேண்டாம்: அதன் செக்டர் எண் 32 பிட்தான், 512 பைட் செக்டரில் 2 டெராபைட்டைத் தாண்டியதும் ஐவி (ஒவ்வொரு செக்டரின் மறையாக்கத்துக்கும் தரும் தொடக்க மதிப்பு) முதலிலிருந்து திரும்ப வரும்.

ராஸ்ப்பெரி பை 4-இல் ஏஇஎஸ் கட்டளைகளே கிடையாது. அங்கே அடியான்டம் என்ற மறையாக்க முறை நல்ல தேர்வு. கூகுள் 2019-இல் அறிவித்தது, கெர்னல் 5.0 முதல் உள்ளது. ஒரு செக்டருக்கு ஒரே ஒரு 16 பைட் துண்டை மட்டும் ஏஇஎஸ்ஸிடம் தருகிறது, மீதியை மறையாக்குவது எக்ஸ்சாச்சா12 என்ற வேகமான சைஃபர். சைஃபர் 'எக்ஸ்சாச்சா12,ஏஇஎஸ்-அடியான்டம்-ப்ளெய்ன்64', சாவி 256 பிட், செக்டர் 4096 பைட். வட்டை மறையாக்கத்துக்குத் தயார்செய்யும் கிரிப்ட்செட்டப்பின் லக்ஸ்ஃபார்மேட் கட்டளை வட்டிலுள்ளதை அழித்துவிடும். நகல் எடுத்த பிறகே தொடுங்கள்.

ரூட் பகிர்வையே இப்படிப் பூட்டினால், மறுதொடக்கத்தில் 'கிரிப்டோ டிஎஃப்எம் ஒதுக்கப் பிழை' என்று நின்றுபோகலாம். கடவுச்சொல் தவறில்லை, இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (ரூட் பகிர்வு திறக்கும் முன் ஏற்றப்படும் சிறு கோப்பு முறைமையில்) மாட்யூல் இல்லை. அடியான்டத்தையும் அது சார்ந்த மாட்யூல்களையும் சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்குங்கள். எவையெவை என்று கிரிப்டோ கோப்பின் மாட்யூல் வரிகளிலேயே இருக்கும்.