மருந்துக்கடைக்குப் போகும்போது பழைய அட்டைகளையும் எடுத்துப் போங்கள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கம் சாயங்காலம் கிளினிக் கூட்டம் இறங்கிவிட்டால் மருந்துக்கடையில் நின்று பேச முடியாது. சந்தேகம் கேட்க மதியம்தான் தோது. எடுத்துக் கொடுக்கிற எல்லாரும் பார்மசிஸ்ட் இல்லை. "பார்மசிஸ்ட் யாரு அண்ணாச்சி?" என்று கேட்டு அவரிடமே பேசுங்கள்.

டாக்டர் சீட்டு மட்டும் போதாது. வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரை, இருமல் சிரப், சூரணம், லேகியம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே மருந்து ஒன்றாக இருக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 650 மூன்று வேளை: 1950 மில்லிகிராம். சளி மாத்திரையில் 500 இருந்தால் மூன்று வேளைக்கு 1500. மூட்டுவலி மாத்திரையில் 325, இரண்டு வேளைக்கு 650. மொத்தம் 4100. பெரியவர்களுக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4000தான், தாண்டினால் அடிபடுவது கல்லீரல். ஆச்சி தாத்தா இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் பார்க்கணும்.

சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதோடு நிறுத்தாதீர்கள். எதோடு சேரக்கூடாது, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்ய, உடைக்கலாமா என்றும் கேளுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரில் போட்டு, காப்பியை அரை மணி நேரமாவது தள்ளணும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். பெயரோடு எஸ்.ஆர். என்றிருந்தால் பொதுவாக உடைக்கக் கூடாது. மெதுவாக இறங்கவேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

பிள்ளைகளுக்கான ஆன்டிபயாட்டிக் பொடி பாட்டிலைக் கடையிலேயே கலக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதலில் தட்டிப் பொடியை உதிர்க்கணும். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை விட்டுக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடுவரை நிரப்பணும். நுரையைப் பார்த்து நிறைந்துவிட்டது என்று நிறுத்தினால் தண்ணீர் குறைந்து, மருந்தின் வீரியம் கூடிவிடும். சமையல் கரண்டி வேண்டாம், அளவு மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ வாங்குங்கள். எத்தனை நாள் வைக்கலாம், பிரிட்ஜில் வைக்கணுமா என்பதைப் பாட்டிலிலேயே எழுதி வாங்குங்கள்.

மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்தால் காலாவதித் தேதி மறுபாதியில் போய்விடும். தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள பில் கேளுங்கள்.

அக்னி நட்சத்திர வெயிலில் நாங்குநேரிக்கோ திசையன்விளைக்கோ இன்சுலின் கொண்டுபோகிறவர்கள் ஐஸ் பையைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கணும். மருந்தில் நேராகப் படக்கூடாது. வண்டி சீட்டுக்கு அடியிலும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகினாலும் உதவாது.