கோப்பையைக் கீழே வைக்காதீர்கள்: இருவராக இருந்து கோட் எழுதப் பழகும் முறை

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு மடிக்கணினி, இரண்டு கதிரைகள். உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் எடுத்திருந்த அண்ணனின் மகள் மாலையில் பைதன் என்ற நிரல்மொழி படிக்க வருவாள். முதல் இரண்டு மாதமும் நான் செய்தது முழுப் பிழை. அவள் தடுமாறினால் விசைப்பலகையை என் பக்கம் இழுத்து நானே அடித்துவிடுவேன். “விளங்கியதா?” என்றால், “விளங்கியது மாமி” என்பாள். மறுநாள் தனியாக நாலு வரி எழுதச் சொன்னால் திரையைப் பார்த்தபடி இருப்பாள்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, தெரிந்தவரின் கையைக் கட்டிப்போடுவது. நான் பிளேன்டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். ஆறிப்போனாலும் கீழே வைப்பதில்லை.

இருவராக ஒரே கணினியில் இருந்து கோட் எழுதுவது, 1990களில் மென்பொருள் பொறியாளர் கென்ட் பெக் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்கும் வழிமுறை மூலம் பிரபலமானது. விசைப்பலகையில் இருப்பவர் ஓட்டுநர். பக்கத்தில் இருந்து அடுத்த அடியை யோசிப்பவர் வழிகாட்டி. படிப்பிப்பதற்கு மென்பொருள் பயிற்றுநர் லுவெலின் ஃபால்கோ வகுத்த கண்டிப்பான வடிவமே நல்லது என்பேன்: உங்கள் தலையில் உள்ள யோசனை கணினிக்குள் போக வேண்டுமானால், மற்றவரின் கைவழியாகத்தான் போக வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் நோக்கத்தை மட்டும் சொல்லுங்கள்: “தயிர்ச்சட்டியின் விலையைக் கேட்டு வாங்க வேண்டும்.” கை அசையவில்லையா? இடத்தைச் சொல்லுங்கள்: “பெருக்கும் வரிக்கு மேலே.” அதுவும் போதாவிட்டால் மட்டும் எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பிலேயே எழுத்தெழுத்தாகச் சொன்னால் அது சொல்வதெழுதுதல். பிள்ளை எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

பிழையைக் கண்டதும் வாயைத் திறக்காதீர்கள். ஒரு சட்டி 450 ரூபாய் என்றால் மூன்று சட்டி எவ்வளவு என்று அன்றைக்குக் கணக்கு. விலையை இன்புட் என்ற கட்டளை மூலம் வாங்கி 3 ஆல் பெருக்கினாள். அந்த வரியை அடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பையை இறுக்கிப் பிடித்தேன். ஓட்டினாள், திரையில் 450450450. மூன்று சட்டித் தயிருக்கு நாற்பத்தைந்து கோடி! சிரித்து முடித்துவிட்டு, 3 ஐ 2 ஆக்கி மறுபடி ஓட்டினாள். 450450. “மாமி, இது பெருக்கவில்லை, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுகிறது!” அதற்குப் பிறகுதான் சொன்னேன்: இன்புட் தருவது எண் அல்ல, எழுத்துச்சரம், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசை, இன்ட் என்ற கட்டளை போட்டு எண்ணாக்க வேண்டும். 1350 வந்தது. நான் முந்திக்கொண்டிருந்தால் அந்த 2 ஐப் போட்டுப் பார்க்கும் எண்ணம் அவளுக்கு வந்திருக்காது. எழுத்துப்பிழை என்றாலும் வரி முடியும்வரை பொறுங்கள். கோப்பு எதையாவது அழிக்கப் போனால் மட்டும் சத்தம் போடலாம்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைத்தொலைபேசியில் அலாரம் வைத்து இடம் மாறுங்கள். வரி பாதியில் நின்றாலும் மாறத்தான் வேண்டும். “இதை மட்டும் முடித்துவிடுகிறேன்” என்பவர் அரை மணித்தியாலமானாலும் எழும்ப மாட்டார். பிள்ளை வழிகாட்டியாகும்போது நீங்கள் கொஞ்சம் மக்காக இருங்கள். “அதை இதுக்குள் போடுங்கள் மாமி” என்பாள். “எதை, எதுக்குள்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். மாறி (வேரியபிள்), பட்டியல், லூப் என்று பெயர் சொல்லிப் பேச அவள் பழகியது அப்படித்தான். இந்த விளையாட்டில் அவளுக்கு என்மேல் வந்த எரிச்சலையும் சொல்லத்தான் வேண்டும். ஒருநாள் எழுந்தே போய்விட்டாள்.

இருவரும் புதியவர்கள் என்றாலும் இது சரிவரும். கை வேகமானவரை முதலில் வழிகாட்டியாக்கிவிடுங்கள், அவ்வளவுதான்.

இப்போது அவள் வந்தாறுமூலையில் பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறாள். விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற, கோட் எழுதும் மென்பொருளில் லைவ் ஷேர் என்ற பகிர்வு வசதியைப் போட்டுத் தொடர்கிறோம். அதில் இரண்டு பேரும் ஒரே கோப்பில் அடிக்கலாம் என்பது எனக்குப் பெரிய சோதனை. என்னைப் பார்க்க மட்டும் அனுமதித்துவிட்டுத்தான் அவள் இணைப்பையே அனுப்புகிறாள்.