மறதி நோய்க்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமான்னு எப்படி முடிவு பண்றது?

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அல்சைமர் வந்துட்டா நமக்கும் வருமோங்கிற பயத்துலயே பலர் டெஸ்ட்டுக்கு ஓடுறாங்க, அதே பயத்துல வேண்டவே வேண்டாம்னு ஒதுங்குறவங்களும் உண்டு. முதல்ல எந்த ஜீன்னு கேளுங்க. ஏபிஓஈ4 இருந்தா ரிஸ்க் கூடும், அவ்வளவுதான், வந்தே தீரும்னு இல்ல, அது இல்லாதவங்களுக்கும் வருது. ஆனா குடும்பத்துல தலைமுறை தலைமுறையா 65 வயசுக்கு முன்னாடியே வந்திருந்தா பிஎஸ்இஎன்1 மாதிரி ஜீனா இருக்கலாம், அது பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு, வந்தா நோயும் அநேகமா நிச்சயம், அதனால ஜெனெடிக் கவுன்சிலர்கிட்ட (ஜீன் டெஸ்ட் பத்தி ஆலோசனை சொல்ற நிபுணர்) பேசாம டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்காதீங்க ப்ளீஸ். ரிசல்ட் தெரிஞ்சா எதை மாத்துவீங்க, கூடப்பிறந்தவங்ககிட்ட சொல்வீங்களான்னு முன்னாடியே யோசிங்க. அமெரிக்காவுல இருக்கறவங்க இன்சூரன்ஸையும் பாருங்க, அங்க ஜீன் ரிசல்ட்டை வச்சு பாகுபாடு காட்டக்கூடாதுன்னு சொல்ற 2008 ஜினா சட்டம் இன்சூரன்ஸ்ல ஹெல்த் இன்சூரன்ஸுக்குத்தான் பாதுகாப்பு, லைஃப் இன்சூரன்ஸுக்கு இல்ல.