எஞ்சினைத் திறப்பதற்கு முன்

சதுரங்க ஆட்டம் முடிந்த கையோடு நகர்த்தல்களை ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினில் (ஆட்டத்தை அலசும் கணினி நிரலில்) ஏற்றினால், எங்கே தவறினோம் என்பது நொடியில் தெரிந்துவிடும். ஏன் தவறினோம் என்பது தெரியாது. ஆகவே முதலில் நகர்த்தல்களைக் குறித்துவைத்த ஸ்கோர் ஷீட்டை எடுத்து, முக்கியமான கட்டங்களில் அப்போது மனத்தில் ஓடிய எண்ணத்தை நேர்மையாக அருகிலேயே எழுதிவையுங்கள்.

அண்மையில் வெள்ளைக் காய்களுடன் நான் ஆடிய ஆட்டம் இப்படித் தொடங்கியது (எழுத்தும் எண்ணும் காய் போய்ச் சேரும் கட்டம்; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்): 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 டி6 3. மந்திரி சி4 மந்திரி ஜி4 4. குதிரை சி3 ஜி6. இங்கே நான் எச்3 ஆடினேன். எஃப்3 குதிரை நகர்ந்தால் ராணி போய்விடும் என்பதே என் குறிப்பு. உண்மையில் அந்தக் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டியிருக்கலாம்: கறுப்பு என் ராணியை வெட்டினால், மந்திரி எஃப்7-இல் செக், ராஜா இ7, குதிரை டி5, செக்மேட்; குதிரையை வெட்டினால், என் ராணி ஜி4 மந்திரியை எடுக்க, ஒரு சிப்பாய் லாபம். லெகால் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரரின் பெயரால் வழங்கும் பழைய பொறிதான் இது. தெரிந்தும் தவறவிட்டேன் என்பதுதான் எரிச்சல்.

குறிப்பு இல்லாவிட்டால் இதைக் கவனக்குறைவு என்று தள்ளியிருப்பேன். ராஜாவுக்கு முன்னால் கட்டுண்ட (விலகினால் பின்னால் உள்ள காய் தாக்குதலுக்கு உள்ளாகும்) காய் நகரவே முடியாது, ராணிக்கு முன்னால் கட்டுண்டது நகரலாம் என்ற வேறுபாட்டை நான் யோசிக்கவேயில்லை என்பதை அந்த ஒற்றை வரி காட்டிக்கொடுத்தது. வென்ற ஆட்டங்களையும், எதிராளி தவறவிட்ட வாய்ப்புகளோடு சேர்த்து, இவ்வாறே பாருங்கள்.