முடிவு தெரிந்த பிறகுதான் பாடம் தொடங்குகிறது

ஆங்கிலப் பாடத்தில் வரும், கடைசிப் பத்தியில் கவிழ்த்துவிடும் சிறுகதைகளைப் பற்றி, முடிவைச் சொல்லாமல் பேச முடியாது. கீழே மூன்று கதைகளின் முடிவைப் போட்டு உடைக்கப் போகிறேன். படிக்காதவர்கள் முதலில் படித்துவிட்டு வந்துவிடுங்கள். மூன்றுமே சின்னக் கதைகள்தான்.

இப்படி எச்சரிக்க வேண்டும் என்பதையே ஒருமுறை தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். முன்னுரை சொல்கிறேன் பேர்வழி என்று, "நண்பனையே மாட்டிவிடும் போலீஸ்காரர் கதை இது" என்று வகுப்பில் உளறிவிட்டேன். "அப்போ இனிமே எதுக்கு மிஸ் படிக்கணும்?" என்று முன் பெஞ்சிலிருந்து கேட்டாள் ஒருத்தி. நியாயமான கேள்வி. கைடில் கதைச்சுருக்கத்தைப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் திறப்பதும் இதே தவறுதான்.

அதைவிடப் பெரிய தவறு, முடிவு தெரிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவது. நான் உளறிய அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். ஓ. ஹென்றியின் 'ஆஃப்டர் ட்வென்டி இயர்ஸ்'. நியூயார்க்கில் இரவு பத்து மணி. இருபது வருடங்களுக்கு முன் பேசிவைத்தபடி, நண்பன் ஜிம்மிக்காக ஒரு கடை வாசலில் நிற்கிறான் பாப். ரோந்து வரும் போலீஸ்காரரிடம் விவரம் சொல்லிக்கொண்டே சுருட்டுப் பற்றவைக்கிறான். தீக்குச்சி வெளிச்சத்தில் அவன் முகமும், வலது புருவத்தருகே ஒரு சின்ன வெள்ளைத் தழும்பும் தெரிகின்றன. முதல் வாசிப்பில் இது வெறும் வர்ணனை. அந்தப் போலீஸ்காரரே ஜிம்மி என்பது கடைசியில் வரும் துண்டுச் சீட்டில்தான் தெரிகிறது. தெரிந்துகொண்டு திரும்பி வந்தால், சிகாகோவில் தேடப்படும் ஆளை அவர் அடையாளம் கண்ட நொடி அதுதான்.

கிளம்பும்போது அவர் கேட்கிறார்: நண்பர் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் உடனே போய்விடுவீர்களா? அரை மணி நேரமாவது பார்ப்பேன் என்கிறான் பாப். மஃப்டியில் ஆள் அனுப்ப எவ்வளவு நேரம் கிடைக்கும் என்ற கணக்கு அது. 'போய்விடுவேன்' என்று சொல்லிவிட மாட்டானா என்ற ஏக்கமும் அதில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வகுப்பில் பாதிப் பேர் ஒத்துக்கொள்வதில்லை. சரி, சண்டை போடட்டும், வரிகளைக் காட்டிச் சண்டை போட்டால் போதும். பரீட்சையில் 'முடிவு ஆச்சரியமாக இருந்தது' என்று மட்டும் எழுதினால் மார்க் வராது. எந்த வரி முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது என்று எழுத வேண்டும்.

சில சமயம் ஒற்றைச் சொல் காலை வாரிவிடும். சாகியின் 'தி ஓப்பன் விண்டோ'வில் பதினைந்து வயது வேரா, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பேய்க்கதை சொல்லி ஓடவைக்கிறாள். கடைசி வரி, அவளுக்கு 'ரொமான்ஸ்' கைவந்த கலை என்கிறது. உடனே, அவளுக்கு அவர்மேல் காதல் என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே அந்தச் சொல்லுக்கு அந்தக்காலப் பொருள்: நின்ற இடத்திலேயே கதை கட்டுவது. அப்படிக் கட்டப்போகிறாள் என்பதற்குத் தடயமும் தொடக்கத்திலேயே இருக்கிறது. "அப்படியென்றால் என் அத்தையைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாதா?" என்று முதலில் கேட்டு உறுதிசெய்துகொள்கிறாள். (அத்தையா சித்தியா என்று ஆங்கிலம் சொல்லாது, நான் அத்தை என்றே வைத்துக்கொண்டேன்.)

அப்புறம் நீதி தேடும் பழக்கம். மாப்பசானின் 'தி நெக்லஸ்' கதைக்குப் 'பேராசை பெருநஷ்டம்' என்று எழுதினால் கதை கையை விட்டுப் போய்விடும். தோழியிடம் வாங்கிய இரவல் நகையைத் தொலைத்தவள், 36,000 ஃபிராங்குக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் பத்து வருடம் கடன் அடைக்கிறாள். தொலைந்ததோ போலி, மிஞ்சிப்போனால் 500 ஃபிராங்க். இதற்கும் தடயம் உண்டு. பெட்டியில் பெயர் இருந்த நகைக்கடைக்காரர், 'பெட்டி என் கடையுடையதாக இருக்கும், நகையை நான் விற்கவில்லை' என்கிறார். அந்த வரியைத் தாண்டி எல்லோரும் ஓடிவிடுகிறார்கள்.

நகை போலி என்று தோழி சொல்வதோடு கதை நின்றுவிடுகிறது. 'அவள் மயங்கி விழுந்தாள்' என்று நாமாக ஒட்டவைக்கக் கூடாது. ஆனால் தனிப் பயிற்சியாக, அவளுடைய பதிலை எழுதச் சொல்லலாம். என் வகுப்பில் பலர் பக்கம் பக்கமாக அழவைத்திருந்தார்கள். ஒரு பையன் மட்டும் ஒரே வரி எழுதியிருந்தான்: "சரி, அந்த ஒரிஜினலைத் திருப்பிக் கொடு."