உணவுக் கழிவைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டை ஓடு, பழத்தோல், காபிச் சக்கை போன்றவற்றால் கழிவுநீரில் உள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் அகற்ற முடியும். வேதியியல் அதற்கு இடம் கொடுக்கிறது. அப்படியிருந்தும் பல முயற்சிகள் தோற்றுப்போகின்றன. இந்தப் பொருள் நீரிலிருந்து எதை எடுக்கும் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். நீருக்கு எதைக் கொடுக்கும் என்று பார்ப்பவர்கள் குறைவு. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் பிறக்கின்றன.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 226 என்று எண்ணிடப்பட்ட ஏரி ஒன்றை 1973-இல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஒரு தடுப்புத் திரையால் இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பாதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். பாஸ்பரசை ஒரு பாதியில் மட்டுமே சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பாசி மண்டிப் பச்சையாகிவிட்டது. ஏரி நீரில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் அளவில் பாஸ்பரஸ் இருந்தாலே பாசிக்குப் போதும். வீட்டுக் கழிவுநீரிலோ பல மில்லிகிராம் இருக்கிறது. இவ்வளவு சிறிய அளவே ஒரு ஏரியைக் கெடுக்கும் என்றால், சுத்திகரிப்பதற்காக நாம் போடும் பொருளிலிருந்து கசியும் பாஸ்பரசும் கணக்கில் வந்தாக வேண்டும்.

அதனால்தான் பச்சைத் தோலை அப்படியே நறுக்கி நீரில் போடுவதை முதல் தவறாகச் சொல்வேன். வாழைப்பழத் தோலிலும் ஆரஞ்சுத் தோலிலும் சர்க்கரை, கரிம அமிலங்கள், நிறமிகள் எல்லாம் உண்டு. அவற்றோடு நைட்ரஜனும் பாஸ்பரசும் உண்டு. நீரில் ஊறியதும் இவை கரைந்து வெளியேறும். பாக்டீரியாக்கள் சர்க்கரையை உண்டு பெருகும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து நாற்றம் எழும். எந்தப் பொருளையும் கழிவுநீரில் போடுவதற்கு முன் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, அந்த நீரில் பாஸ்பேட் (பாஸ்பரஸ் நீரில் கரைந்திருக்கும் வடிவம்), அம்மோனியம் (நைட்ரஜனின் ஒரு வடிவம்), கரிமப் பொருள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று அளந்து பாருங்கள். செலவு அதிகம் இல்லாத இந்தச் சோதனையைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை. நன்றாகக் கழுவி, உலர்த்தி, காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கினால் கசிவு பெருமளவு குறையும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பாஸ்பேட்டை அளக்கும் வழக்கமான முறை, நீரில் உண்டாகும் நீல நிறத்தை வைத்தே அளவைச் சொல்கிறது. தோலிலிருந்து இறங்கிய சாயம் அந்த அளவீட்டையே பிழையாக்கிவிடும்.

ஒரே பொருள் நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டின் எல்லா வடிவங்களையும் பிடித்துவிடும் என்று நம்புவது அடுத்த தவறு. தோலிலோ சக்கையிலோ செய்த கரியின் பரப்பில் பொதுவாக எதிர்மின்னூட்டம் இருக்கும். அம்மோனியம் நேர்மின் அயனி. அதனால் கரியில் ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட்டும் (நைட்ரஜனின் இன்னொரு வடிவம்) பாஸ்பேட்டும் எதிர்மின் அயனிகள். அவற்றை அதே கரி விலக்கித் தள்ளும். பாஸ்பேட்டைப் பிடிக்க வேண்டுமானால் கரியில் கால்சியம், மெக்னீசியம், இரும்பு போன்றவற்றில் ஒன்றை ஏற்ற வேண்டும். நைட்ரேட் எளிதில் வீழ்படிவாகாது, அதாவது திடப்பொருளாகி அடியில் படியாது. அதைப் பாக்டீரியாக்களிடம் விட்டுவிடுவதே நல்லது. கரியை எவ்வளவு சூட்டில் சுடுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. கடுஞ்சூட்டில் நுண்துளைகள் பெருகும் என்பது சரி. ஆனால் அம்மோனியத்தைப் பிடிக்கும் அமிலத் தொகுதிகள் அதே சூட்டில் அழிந்துபோகும்.

முட்டை ஓட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கால்சியம் கார்பனேட். பொடித்த ஓட்டை அப்படியே போட்டால், நடுநிலை நீரில் அது மிகக் குறைவாகவே கரையும். பாஸ்பேட்டைப் பிடிக்கும் ஆற்றலும் குறைவு. 800 டிகிரி செல்சியசுக்கும் மேல் நீற்றினால் அது சுட்ட சுண்ணாம்பாகிறது. 100 கிராம் கால்சியம் கார்பனேட்டிலிருந்து 56 கிராம் சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். சமையலறை அடுப்புப் பெட்டியில் இந்தச் சூடு எட்டாது. அங்கே சுட்டது ஓடாகவே இருக்கும்.

சரியாக நீற்றிய சுண்ணாம்பு பாஸ்பேட்டைக் கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்த்திவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான் வருகிறது. நீரின் அமில-கார அளவான பிஎச் 11, 12 வரை ஏறிவிடும். அதை இறக்காமல் வெளியே விட்டால், பாஸ்பரஸ் நீங்கிய நீரே ஓடையில் உள்ள உயிர்களைக் கொல்லும். 25 டிகிரியில் பிஎச் 9.25-ஐத் தொடும்போது அம்மோனியத்தில் பாதி, கரைந்த அம்மோனியாவாக மாறிவிடுகிறது. மீன்களுக்கு அது நஞ்சு. தொட்டியைக் கலக்கும்போது அதில் ஒரு பகுதி காற்றோடு போகும். நீரில் அளப்பவர் அம்மோனியம் குறைந்துவிட்டது என்று மகிழ்வார். உண்மையில் மாசு நீரிலிருந்து காற்றுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சுட்ட சுண்ணாம்பு நீர் பட்டதும் கொதிக்கும். கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சி மெல்லப் பழைய கார்பனேட்டாகிவிடும் என்பதால் மூடித்தான் வைக்க வேண்டும்.

நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கு உண்ணக் கார்பன் வேண்டும். பல நிலையங்கள் அதற்கு மெத்தனாலை விலைக்கு வாங்குகின்றன. உணவுக் கழிவை நொதிக்கவைத்து எடுத்த நீர்மத்தில் அசெட்டிக் அமிலம் போன்றவை நிறைந்திருப்பதால், அது நல்ல மாற்று. உணவுக் கழிவுக்குப் பொருத்தமான வேலைகளில் இதையே முதலாவதாக நான் மதிக்கிறேன். ஆனால் புரதம் மிகுந்த கழிவு நொதிக்கும்போது அம்மோனியமும் வெளியேறும். ஊற்றும் நீர்மத்தில் நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஊற்றினால் குறைப்பதைவிடக் கூட்டுவதே மிஞ்சும். நைட்ரேட்டில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனுக்கு, முழுதும் ஆக்சிஜனேற்றமாக 2.86 கிராம் ஆக்சிஜன் தேவைப்படும் அளவு கரிமப் பொருள் கோட்பாட்டளவில் போதும். பாக்டீரியாக்கள் வளரவும் கார்பன் வேண்டும் என்பதால் நடைமுறையில் கூடுதலாகத் தேவைப்படும். அளவு மீறினால் மிச்சம் அப்படியே வெளியேறும். இந்தப் பாக்டீரியாக்கள் அம்மோனியத்தைத் தொடாது என்பதையும் மறக்கக் கூடாது: அது முதலில் காற்றூட்டிய தொட்டியில் நைட்ரேட்டாக வேண்டும், பிறகு ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத தொட்டிக்கு வர வேண்டும். உப்பும் எண்ணெயும் மிகுந்த சமைத்த உணவை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

ஆய்வகத்தில் கிடைத்த எண்ணை அப்படியே நம்பித் திட்டமிடுவதும் பெருந்தவறு. அங்கே தூய நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் பாஸ்பேட் கரைத்துச் சோதிப்பார்கள். உண்மைக் கழிவுநீரில் செறிவு அதைவிட மிகக் குறைவு, அதனால் ஒரு கிராம் பொருள் பிடிக்கும் அளவும் குறையும். பைகார்பனேட்டும் கரிமப் பொருளும் இடத்துக்குப் போட்டியிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரால் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் சாக்கடையில் சேர்கிறது. உங்கள் பொருள் கிராமுக்கு 5 மில்லிகிராம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு நாளுக்கு 300 கிராம். ஒரு லட்சம் பேருக்கு 30 டன். ஆகவே இதை முதற்கட்டச் சுத்திகரிப்பாக அல்ல, பாக்டீரியாக்கள் வேலை முடித்த பிறகு எஞ்சும் சிறு அளவைப் பிடிக்கவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அளவைப் படிக்கும்போது அலகையும் பாருங்கள். நைட்ரேட்டாகச் சொன்ன 50 மில்லிகிராமும் நைட்ரஜனாகச் சொன்ன 11.3 மில்லிகிராமும் ஒன்றுதான். பாஸ்பேட்டுக்கும் பாஸ்பரசுக்கும் இடையே மூன்று மடங்கு வேறுபாடு இருக்கிறது.

மாவாக அரைத்த பொருளைக் குழாய் வடிகட்டியில் நிரப்பினால் அடைத்துக்கொள்ளும். குறுமணியாக வைத்துக்கொண்டு, கசடு படிந்து தெளிந்த நீரை மட்டும் செலுத்துங்கள்.

நிறைந்துபோன பொருளை உரமாக வயலில் இடலாம் என்பது பெரும்பாலும் யோசிக்காமல் சொல்லப்படுகிறது. பாஸ்பரசைப் பிடித்த அதே பரப்பு ஈயத்தையும் காட்மியத்தையும் பிடித்திருக்கக்கூடும். சாக்கடை நீரில் இருந்த நோய்க்கிருமிகளும் தங்கியிருக்கும். லாந்தனம் என்ற உலோகத்தை ஏற்றிய கரி பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்வதால் பயிருக்கு அதிலிருந்து பெரிதாக எதுவும் கிடைக்காது. தொழிற்சாலை நீர் கலக்காத வீட்டுக் கழிவுநீரில் பயன்படுத்திய கால்சியம், மெக்னீசியம் வகைகளையே, கன உலோகமும் கிருமியும் சோதித்த பிறகு, நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.