மழை வாடையில் கிளியர் அடிக்காதீர்கள்: மாடல் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டர்வொர்த்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனிதான் என் பட்டறை. போன வருஷம் அங்கே உட்கார்ந்து 1/72 அளவில் ஒரு பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம் கட்டினேன். 1941 டிசம்பர் 9 அன்று இதே பட்டர்வொர்த் தளத்தில் ஜப்பானியர் குண்டு போட, அதற்குள் மேலே எழும்பிவிட்ட பிரிட்டிஷ் விமானி ஆர்தர் ஸ்கார்ஃப் ஒற்றை விமானமாகவே தாக்கப் போன வகை அது. நம் ஊர்க் கதை என்பதால் ரொம்ப ஆசையாகக் கட்டினேன். இறக்கை நுனிக்கு நுனி சுமார் 24 சென்டிமீட்டர். கடைசி வேலையாக, சாயங்கால மழை விட்டதும் கேனில் இருந்த மேட் கிளியரை, அதாவது நிறமில்லாத, பளபளக்காத மேல்பூச்சை, அடித்தேன். ஐந்து நிமிஷத்தில் கரும்பச்சை இறக்கை முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மாடல் கட்டுகிறவர்களை அதிகம் படுத்துவது இந்தத் தவறுதான். அந்தக் கிளியர் போல வேகமாகக் காயும் லாக்கர் பெயிண்டில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த பரப்பில், ஐஸ் தண்ணீர் டம்ளரில் வேர்ப்பதுபோல, காற்றின் ஈரம் படிந்து பெயிண்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதுதான் அந்த வெள்ளை. வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்கிற பக்குவம் நம் காற்றுக்குச் சரிவராது. சின்ன ஈரமானி ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். அது 80 சதவீதத்தைத் தொட்டால் நான் லாக்கரை எடுப்பதே இல்லை. அறையில் ஏர்கோன் ஓடவிட்டு ஈரம் குறைந்த பிறகு அடிப்பேன். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் ரிடார்டர் கலந்த தின்னர் பயன்படுத்தினால் பெயிண்ட் மெதுவாகக் காயும், வெளுப்பதும் குறையும். ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? சுரண்ட வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, வறண்ட ஒரு நாளில் அதே கிளியரை மெல்லிசாக ஒரு தடவை அடியுங்கள். மேல்பூச்சு இளகி, சிக்கிய ஈரம் வெளியேறிவிடும். என் பிளென்ஹைம் அப்படித்தான் தப்பியது.

டீகலை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களை, நேராக மேட் பெயிண்ட் மேல் ஒட்டுவது அடுத்த தவறு. மேட் பரப்பு சொரசொரப்பு. அடியில் காற்று தங்கி, வெளிச்சத்தில் வெள்ளியாக மின்னும். முதலில் பளபளப்புக் கிளியர், அதன்மேல் டீகல், அப்புறம்தான் மேட். மின்னிவிட்டால் ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, டீகலை இளக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள்.

ரிமோட் காருக்கு வந்தால், கண்ணாடிபோல் தெரியும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பாடிக்குச் சாதாரண பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். முதல் மோதலிலேயே செதில் செதிலாக உதிரும். அதற்கென்று விற்கிற பெயிண்டை உள்பக்கத்தில்தான் அடிக்க வேண்டும். வெளிர் நிறமென்றால் பின்னால் ஒரு வெள்ளைப் பூச்சு கொடுங்கள். திருகு கழலாமல் பிடிக்கும் திருகுப் பசை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் சில வகை பிளாஸ்டிக் விரிசல் விடும்.

ரிமோட் காரில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் முழு சார்ஜ், 3.0க்குக் கீழே இறங்கவே கூடாது. அடுத்த வாரம்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் 3.8 அளவில் நிறுத்தி வையுங்கள். நண்பர் ஒருவர் முழு சார்ஜ் போட்ட பேட்டரியைக் காரின் பின்பக்கச் சாமான் அறையில் வைத்துவிட்டு, வெயிலில் நிறுத்திய காரை மத்தியானம் வந்து திறந்தார். பேட்டரி தலையணைபோல் உப்பிக் கிடந்தது. தீப்பிடிக்காதது அவர் அதிர்ஷ்டம். 5000 மில்லி ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 5 ஆம்பியர் சார்ஜ் போதும். சார்ஜரை லிப்போ முறையில்தான் வைத்திருக்கிறோமா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள், பக்கத்திலேயே இருங்கள். ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் மாட்டாதீர்கள்.

உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ வேண்டாம், வீட்டுக் குப்பையிலும் போட வேண்டாம். மணல் போட்ட வாளியில் வைத்து வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.